டிக்-டிக்கும் செம்மார்புக் கீச்சானும்: இதில் எது உண்மையான ஜோடி?

கருவேலன்

எட்டோஷா பூங்காவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீர்க் குட்டையோரம் வண்டியை நிறுத்திவிட்டு யானைக்கும் சிங்கத்துக்கும் காத்திருப்பார்கள். வேலைக்காக நமீபியா வந்த எனக்கோ முள்மரக் காட்டுக்குள் இருக்கும் இரண்டு சின்ன உயிர்கள் மேல்தான் ஈர்ப்பு.

ஒன்று டிக்-டிக். முயலைவிடக் கொஞ்சம் பெரிய இரலை, மான் போன்ற விலங்கு. தோள் உயரம் 40 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும், எடை பெரும்பாலும் 4 முதல் 6 கிலோ. கொம்பு கிடாவுக்கு மட்டும்தான், ஆனால் உடம்பில் பெண்தான் ஒரு பிடி பெரியது. இன்னொன்று செம்மார்புக் கீச்சான், இங்கே எல்லோரும் கிரிம்சன் பிரெஸ்டட் ஷ்ரைக் என்பார்கள். மேலெல்லாம் கறுப்பு, இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு, தொண்டையிலிருந்து வயிறு வரை ரத்தச் சிவப்பு. ஆணும் பெட்டையும் பார்வைக்கு ஒன்றுதான்.

இரண்டும் ஜோடியாக வாழ்கின்றன. இரண்டும் ஒரு துண்டு நிலத்தை வருடம் முழுக்கத் தங்களுடையது என்று வைத்துக்கொண்டு அடுத்தவரை உள்ளே விடுவதில்லை. ஒன்று பாடிக் காக்கிறது, இன்னொன்று மோப்பத்தால் காக்கிறது.

ஜோடி என்றாலே நமக்குப் பறவைதான். அன்றிலைச் சொல்லாமல் நாம் காதலைப் பேசியதில்லை. நான் சொல்ல வருவது, அந்தப் பேருக்கு அதிகம் பொருத்தமானது அந்தச் சின்ன இரலைதான் என்பது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேன்சிட்டு

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது கருவேலன் அண்ணா. கீச்சானின் பாட்டைக் கேட்டவர்கள் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அது தனிப்பாட்டு இல்லை, ஜோடிப்பாட்டு. ஒன்று கூப்பிட, மற்றது ஒரு நொடியின் சிறு பின்னத்துக்குள் பதிலைச் சேர்க்கும். இரண்டும் வேறு வேறு கிளையில் இருப்பதைக் கண்ணால் பார்க்காவிட்டால் ஒரே பறவை பாடுகிறது என்றுதான் நினைப்போம். இது சேர்ந்த லானியாரியஸ் என்ற பேரினத்துப் பறவைகளை வைத்து ஆய்வாளர் டபிள்யூ. ஹெச். தோர்ப் 1963-ல் எழுதியதே, பறவையின் காது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதற்கு இந்தப் பதில்பாட்டு ஒரு சாட்சி என்றுதான். அந்த ஒத்திசைவு சேர்ந்து வாழாமல் வராது.

பாட்டோடு முடியவில்லை. முள்மரக் கவட்டையில் மரப்பட்டை நாரை வைத்து வட்டக் கிண்ணமாகக் கூடு. ஆணும் பெட்டையும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுகளுக்கு இரண்டும் இரை கொண்டுவரும். டிக்-டிக் கிடா தன் குட்டிக்கு என்ன செய்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

கருவேலன்

ஒன்றும் செய்வதில்லை. அதை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன். ஆனால் அது தன் பெண்ணோடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

நமுடோனி முகாம் பக்கம் மண்பாதையில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இது சில சமயம் கண்ணில் படும். பாதையோரம் ஒரு புழுக்கைக் குவியல் இருக்கும், அதுதான் இரண்டு வட்டாரங்களுக்கு நடுவே உள்ள எல்லைக்கல். முதலில் பெண் வந்து சிறுநீர் விட்டு, புழுக்கை போடும். கிடா பின்னாலேயே நின்று காத்திருக்கும். அவள் நகர்ந்ததும் போய் முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கும். அப்புறம் முன்னங்காலால் மண்ணைப் பறித்து அவளுடையதன் மேல் தள்ளிவிட்டு, அதன் மேலேயே தானும் போடும். இதோடு விடாது. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காய்ந்த புல்தண்டிடம் போய், கண்ணுக்கு முன்னால் இருக்கும் கறுப்புக் குழிக்குள் அந்தத் தண்டின் நுனியை நிதானமாக விட்டுக்கொள்ளும். கண்ணைக் குத்திவிடுமோ என்று நமக்குப் பதறும். தலையை எடுத்ததும் பார்த்தால் தண்டின் நுனியில் தார் போல ஒரு கறுத்த சொட்டு ஒட்டியிருக்கும்.

பெண் எப்போது இனச்சேர்க்கைக்குத் தயார் என்ற செய்தி அவளுடைய சிறுநீரில் இருக்கிறது. அதை அடுத்த வட்டாரத்துக் கிடா படிக்க முடியாதபடி தன் வாசனையால் மூடிவிடுகிறது. தேன்சிட்டு, இதுவும் ஒத்திசைவுதான். அவள் எப்போது போனாலும் இது அங்கே இருக்க வேண்டும், இல்லையென்றால் மூட முடியாது.

ஆற்றங்கரை

மன்னிக்கவும், இதில் எனக்குத் தெரிவது அன்பு இல்லை, காவல். பெண்ணின் செய்தியை அழிப்பதை எப்படி நல்ல ஜோடிக்கு அடையாளமாகச் சொல்கிறீர்கள்?

மலர்விழி டீச்சர்

ஆற்றங்கரை கேட்பது நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதை அன்பு என்று சொல்லவில்லை, காவல் என்றுதான் சொல்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கு நடத்தை பாடம் எடுக்கும்போது நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணமே டிக்-டிக்தான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1990-களில் பீட்டர் பிரதர்டன், பீட்டர் கோமர்ஸ் போன்றவர்கள் இதே எட்டோஷாவில் இந்த இரலையைப் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட புதிர் எளிமையானது. பாலூட்டிகளில் ஆண் ஒரே பெண்ணோடு தங்குவது அபூர்வம். தங்கினால் குட்டி வளர்க்க உதவுவதற்காகத்தான் இருக்கும் என்பது அதுவரை பலருக்கும் இருந்த எண்ணம். டிக்-டிக் கிடாவோ குட்டிக்குப் பால் தரப்போவதில்லை, தூக்கிச் சுமப்பதில்லை, குள்ளநரி வந்தால் எதிர்த்து நிற்பதும் இல்லை. ஆனாலும் போவதில்லை. 1996-ல் வந்த இரண்டு கட்டுரைகள் இதைத் தலைப்பிலேயே சொல்லின: தந்தையின் பராமரிப்பே இல்லாத ஒருதுணை வாழ்க்கை.

அடுத்த ஆண்டு மரபணுச் சோதனை முடிவு வந்தது. சோதித்த 12 குட்டிகளில் ஒன்றுகூட வெளிக்கிடாவுக்குப் பிறந்ததாகத் தெரியவில்லை.

இப்போது பறவைப் பக்கம் வாருங்கள். 1968-ல் பறவையியலாளர் டேவிட் லாக் கணக்கெடுத்தபோது பத்தில் ஒன்பது பறவை இனங்களுக்கு மேல் ஜோடியாக வாழ்பவை என்றார். அப்போது கண்ணால் பார்த்ததுதான் சாட்சி. பிறகு டி.என்.ஏ. சோதனை வந்ததும் படம் மாறிப்போனது. ஜோடியாக வாழும் பறவைகளில் சராசரியாக 11 சதவீதத்துக்கும் மேலான குஞ்சுகள் கூட்டுக்குச் சொந்தக்கார ஆணுக்குப் பிறந்தவை அல்ல. சோதித்த இனங்களில் முழுக்க முழுக்கத் துணை மாறாதவை கால்வாசிகூட இல்லை. ஆஸ்திரேலியாவின் நீலத் தேவதைச் சிட்டு இருக்கிறதே, சூப்பர்ப் ஃபேரி ரென், அதன் பெரும்பாலான குஞ்சுகளுக்கு அப்பா வேறு வட்டாரத்துக்காரர். அந்தப் பறவையும் வாழ்நாள் முழுக்க ஜோடியாகத்தான் இருக்கிறது, சேர்ந்துதான் குஞ்சு வளர்க்கிறது.

அதனால் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சேர்ந்து வளர்ப்பது ஒன்று, துணை மாறாதிருப்பது இன்னொன்று. நாம் ஒரே மூச்சில் 'ஜோடி' என்று சொல்லி இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறோம்.

ஆற்றங்கரை

டீச்சர், 12 குட்டி என்பது மிகவும் குறைவு இல்லையா? 11 சதவீதம் வெளியப்பா என்று வைத்துக்கொண்டால்கூட, 12 குட்டிகளில் ஒன்றும் அகப்படாமல் போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதை வைத்துப் பறவையைவிட மான் ஒழுங்கு என்று தீர்ப்பு எழுதுவது அவசரம்.

மலர்விழி டீச்சர்

கணக்கு சரி. அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதவில்லை. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே மரபணுச் சான்று, நடத்தைச் சான்று என்று இரண்டும் இருக்கும். இணைகள் பகலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் சேர்ந்தே இருந்தன. பெண் தயாராகும் நாட்களில் கிடா இன்னும் நெருங்கி நிற்கும். கருவேலன் எழுதிய அந்தப் புழுக்கைச் சடங்கு அதற்கு மேல் ஒரு பூட்டு. வெளிக்கிடா உள்ளே வர வழியில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, குட்டிகளிலும் அதுவே தெரிந்தது என்பதுதான் வாதம்.

நைரோபிவாசி

நல்ல இழை. கென்யாவிலிருந்து என் பங்கு.

இங்கே சம்புரு, லைக்கிப்பியா பக்கம் கிர்க் டிக்-டிக்கும் உண்டு, கூந்தர் டிக்-டிக்கும் உண்டு. நமீபியாவில் இருப்பது நடுவில் பெரிய இடைவெளி விட்டுத் தனியாக இருக்கும் கூட்டம்; அதை டமாரா டிக்-டிக் என்று தனி இனமாகவே இப்போது பலர் பிரிக்கிறார்கள். உங்கள் செம்மார்புக் கீச்சானுக்கு இங்கே ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், சிலேட் நிற பூபூ. உடம்பு முழுக்கக் கரும்பலகை நிறம். அதுவும் ஜோடிப்பாட்டுக்காரர்தான்.

1983-ல் சொன்னன்ஷைன், ரேயர் இருவரும் இந்தப் பூபூவின் ஜோடிப்பாட்டு எதற்கு என்று ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் முன்வைத்த முதல் காரணமே துணையைக் காவல் காப்பது. ஆற்றங்கரை, புழுக்கையை மூடுவதைக் காவல் என்று சொன்னீர்கள். பாட்டுக்குப் பதில் பாடுவதும் பெரும்பகுதி அதே காவல்தான். 'இவளுக்குத் துணை இருக்கிறது, பக்கத்தில்தான் இருக்கிறேன்' என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பது. காதுக்கு இனிமையாக இருப்பதால் நாம் அதைக் காதல் என்கிறோம், மூக்குக்குப் பிடிக்காததால் மற்றதைக் காவல் என்கிறோம்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஏன் ஒன்று சத்தத்தையும் இன்னொன்று வாசனையையும் பிடித்துக்கொண்டது?

பாட்டு பாடி முடித்ததும் காற்றோடு போய்விடும். எல்லையைக் காக்க வேண்டுமானால் மறுபடி பாட வேண்டும், நாளைக்கும் பாட வேண்டும். பாடும் இடத்தைப் பருந்துக்கும் காட்டிக்கொடுக்கும். பறவைக்கு அதில் பெரிய பாதகம் இல்லை, ஆபத்து வந்தால் முள்ளுக்குள் புகுந்துவிடலாம், பறந்துவிடலாம். ஐந்து கிலோ டிக்-டிக்குக்கு அந்த வசதி இல்லை. சிறுத்தை, கேரகல் என்ற காட்டுப்பூனை, குள்ளநரி, மலைப்பாம்பு, மார்ஷியல் கழுகு என்று அதைத் தின்னாத வேட்டை விலங்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதன் முதல் பாதுகாப்பே அசையாமல் சத்தம் போடாமல் நிற்பது. அப்படிப்பட்ட உயிர் தினமும் ஊருக்குக் கேட்கிற மாதிரி எல்லையை அறிவிக்க முடியுமா? புழுக்கைக் குவியல் அது தூங்கும்போதும் பேசும், இருட்டிலும் பேசும். அது அங்கே இல்லாதபோதும் இருப்பதாகச் சொல்லும்.

மோப்பத்தில் வாழ்கிறது என்பதால் காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் வந்த கென்ய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே வெள்ளை வயிற்று கோ-அவே பறவை என்று ஒன்று உண்டு. பாடும் பறவை இனம் இல்லை, டுராக்கோ குடும்பம். மர உச்சியில் உட்கார்ந்து ஆபத்தைக் கண்டதும் கத்தும். அந்த அபாயக் குரலைப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் விட்டபோது கூந்தர் டிக்-டிக்குகள் மேய்ச்சலை நிறுத்தின, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன, புதருக்கு ஓடின. பயமில்லாத சாதாரணப் பறவைப் பாட்டைப் போட்டபோது அந்த அளவுக்கு அசையவில்லை. கூட்டமாக வாழாத விலங்கு, பக்கத்தில் எச்சரிக்க நாலு பேர் இல்லை. அதனால் பறவையின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

கோடைமழை

நைரோபிவாசி ஐயா எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம். டிக்-டிக் சத்தமே போடாதா? படத்தில் அதன் மூக்கு நீளமாகத் தும்பிக்கை மாதிரி அசைகிறதே, அது எதற்கு?

நைரோபிவாசி

போடும். பயந்து ஓடும்போது மூக்கு வழியாக 'ஸிக்-ஸிக்' என்று சீட்டி வரும். அது எச்சரிக்கை, பாட்டு இல்லை.

மூக்கு முக்கியமாக வெயிலுக்கு. கடும் வெயிலில் டிக்-டிக் வேகவேகமாக மூக்கால் இளைக்கும். உள்ளே ஈரமான சவ்வில் ரத்தக் குழாய்கள் நிறைய. அந்த ஈரம் ஆவியாகும்போது ரத்தம் குளிர்ந்து திரும்புகிறது. நீளமான மூக்கு என்பதால் குளிர்விக்கும் பரப்பும் அதிகம். சிறுநீரையும் மிகச் சுண்டவைத்தே வெளியேற்றும். இலை, தளிர், பழம், பனியில் கிடைக்கும் ஈரமே போதும் என்பதால் குட்டையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. எட்டோஷாவின் குட்டைகளில் காத்திருப்பவர்கள் இதை அதிகம் பார்க்காததற்கு அதுவும் காரணம்.

தேன்சிட்டு

நைரோபிவாசி ஐயா சொன்ன காவல் விஷயத்தை யோசித்துக்கொண்டே இருந்தேன். செம்மார்புக் கீச்சானைப் பற்றியே 2014-ல் இரண்டு கட்டுரைகள் வந்தன, வான் டென் ஹூவல் குழுவினருடையவை. ஒன்று ஜோடிப்பாட்டு நிலத்துக்கா, துணைக்கா என்று கேட்கிறது. நிலத்தைக் காப்பதும் நடக்கிறது, ஒருவரையொருவர் காவல் காப்பதும் நடக்கிறது. இரண்டு பக்கமும் காவல் என்பதைக் கவனியுங்கள். டிக்-டிக்கில் வாசனையை மூடுவது கிடா மட்டும். கீச்சானில் பெட்டையும் தன் ஆணின் பாட்டில் புகுந்து பதில் சொல்கிறது.

இரண்டாவது கட்டுரைதான் என்னை உலுக்கியது. கூட்டில் வேறு ஆணின் குஞ்சு இருந்த பெட்டைகள்தான் ஜோடிப்பாட்டில் அதிகம் பங்கெடுத்தன.

ஏன் என்று பல விதமாகச் சொல்லலாம். துணையின் உழைப்பு குறைந்துவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ள இருக்கலாம். வலுவான பெட்டைகள் இரண்டையும் அதிகம் செய்கின்றன என்றும் இருக்கலாம். எப்படியானாலும், அழகாகச் சேர்ந்து பாடுவதை வைத்து உறவை அளக்க முடியாது என்பது மட்டும் இதில் தெளிவாகிறது. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்தது யார்? அந்த ஆணும்தான். எனக்கு அதுதான் பெரிது. ரத்தம் யாருடையது என்று பார்த்தா நாம் அப்பா என்கிறோம்? கூட்டுக்கு வந்து ஊட்டியவர்தான் அப்பா.

மலர்விழி டீச்சர்

தேன்சிட்டு, கடைசி வரி மனுஷருக்குப் பொருந்தும். அந்தக் கீச்சான் ஆணுக்கு அது தெரிந்தே செய்வதா என்பது வேறு கேள்வி. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஏன் பறவை அப்பா ஊட்டுகிறார், கிடா அப்பா ஊட்டவில்லை என்பதில்தான் என் ஆர்வம். குணத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது காரணம். பறவை முட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிய முடியாது. வெளியே வந்த முட்டையின் மேல் யாராவது உட்கார வேண்டும், இரை தேட யாராவது போக வேண்டும். கீச்சான் குஞ்சு கண் திறக்காமல், இறகில்லாமல் பிறக்கிறது. வாய் நிறையப் பூச்சி வேண்டும். அந்த வேலையை ஆணும் செய்ய முடியும், அலகு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். டிக்-டிக் தாயோ ஐந்தரை மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே குட்டி போடுகிறது. பிறந்த குட்டி முதல் இரண்டு மூன்று வாரம் புதருக்குள் ஒளிந்து படுத்திருக்கும், தாய் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். அங்கே கிடா செய்யக்கூடிய வேலை என்று பெரிதாக எதுவும் இல்லை.

அப்படியானால் அது ஏன் தங்குகிறது? 2013-ல் லூக்காஸும் கிளட்டன்-பிராக்கும் 2,500-க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்களை ஒப்பிட்டார்கள். ஜோடியாக வாழ்பவை அவற்றில் 9 சதவீதம்தான். அந்த வழக்கம் எங்கே தோன்றியிருக்கிறது என்று பார்த்தால், பெண்கள் ஒருவரை ஒருவர் அண்டவிடாமல் தனித்தனியே பிரிந்து வாழும் இடங்களில். டிக்-டிக் பெண் அப்படித்தான். சின்ன வயிறு, சத்துள்ள தளிரை மட்டும் பொறுக்கித் தின்ன வேண்டும், கூட்டமாக மேய்ந்தால் கட்டுப்படியாகாது. ஒரு கிடாவால் இரண்டு பெண்களை ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது. ஒருத்தியை விட்டு நகர்ந்தால் அந்த நேரத்தில் அவளையும் இழக்கலாம். அதனால் தங்கிவிடுகிறது.

பறவையைக் கட்டிவைப்பது குஞ்சு, கிடாவைக் கட்டிவைப்பது பக்கத்து வட்டாரத்துக் கிடா என்று வகுப்பில் சொல்வேன்.

ஆற்றங்கரை

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது. இனிமேல் டிக்-டிக்கை 'வாழ்நாள் காதலின் சின்னம்' என்று படம் போட்டுப் பகிர்பவர்களுக்கு இந்த இழையை அனுப்பப் போகிறேன். காதல் இல்லை என்று சொல்வதற்காக அல்ல. அந்த விலங்கின் வாழ்க்கை எவ்வளவு நெருக்கடியானது என்று தெரிந்துகொள்வதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை.

கருவேலன்

எல்லோருக்கும் நன்றி. என் நிலையையும் சொல்லிவிடுகிறேன்.

சங்கப் பாலைப் பாட்டில், நிழலில்லாத காட்டில் வாடும் பிணைக்குக் கலைமான் தன் நிழலைத் தரும், களைத்த பெடைக்குப் புறா சிறகால் விசிறும். மானையும் பறவையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அப்போதே பார்த்திருக்கிறார்கள். டிக்-டிக் கிடா அப்படி நிழல் தருவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் வருடம் முழுக்க, வறட்சியிலும், சில ஹெக்டேர் முள்காட்டில் அதே பெண்ணின் பின்னால் நடந்து, ஒவ்வொரு குவியலிலும் நின்று காத்திருக்கும் உயிருக்கு ஜோடி என்ற பேரை நான் தயங்காமல் தருவேன். காரணம் காவலாகவே இருக்கட்டும். கீச்சானுக்கும் அந்தப் பேர் உண்டு, வேறு காரணத்துக்காக. தேன்சிட்டு சொன்ன ஊட்டும் கணக்கில் அது முன்னால் நிற்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்கு: டிக்-டிக்குக்குப் பூங்காவின் கிழக்குப் பக்கம் வாருங்கள். நமுடோனி அருகே சின்ன நமுடோனி குட்டையை ஒட்டி 'டிக்-டிக் டிரைவ்' என்றே ஒரு வளைவுப் பாதை இருக்கிறது. அதிகாலையோ சாயங்காலமோ மெதுவாக ஓட்டுங்கள். ஒன்றைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள், இரண்டாவது பெரும்பாலும் அந்தப் புதருக்குப் பின்னால்தான் நிற்கும். முகாமுக்கு வெளியே வண்டியைவிட்டு இறங்க அனுமதி இல்லை என்பதால் பைனாகுலர் அவசியம். கீச்சானுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம், முகாமில் நடந்தாலே மரத்தடியில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இலை உதிர்ந்திருக்கும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டுக்கும் நல்ல காலம்.

கோடைமழை

அண்ணா, அடுத்த ஆகஸ்டில் நாங்கள் குடும்பத்தோடு வருகிறோம். நமுடோனியில் தங்கினால் போதுமா, இல்லை ஹலாலி முகாமிலும் ஓர் இரவு போடலாமா?

கருவேலன்

ஹலாலியையும் சேர்த்துக்கொள் தம்பி. ஆகஸ்டில் கூட்டம் அதிகம், அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடு. வரும் தேதியை இங்கேயே எழுது, லீவு கிடைத்தால் நானும் வந்துவிடுகிறேன்.